நீரிழிவின் முற்குறிகளும் பெயர்களும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

நோயைக் காலத்தே அறிதல் மருத்துவத்தின் பணி. எனினும் அப்பணியின் முதற்படி மொழியில் நிகழ்கிறது. தம் உடலில் நேர்ந்த மாற்றத்தை நோயாளி ஒரு சொல்லால் கூறவேண்டும்; அச்சொல்லைக் கேட்பவர் அதனை ஒரு நோயின் குறியாகக் கொள்ளவேண்டும். இவ்விரண்டில் ஒன்று நிகழாதவிடத்து, உடலில் நோய் இருந்தும் அது அறியப்படாமற் போகிறது.

நீரிழிவு இதற்குத் தக்க சான்றாகும். அதன் தொடக்கக் குறிகளாகக் கூறப்படுபவை தாகம், சோர்வு, உடல் மெலிதல், அடிக்கடி நீர் பிரிதல் என்பன. இவற்றுள் எதுவும் கலைச்சொல் அன்று. நோயில்லாதாரும் நாள்தோறும் வழங்கும் பொதுச்சொற்களே இவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடளாவி நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் உள்ளனர் என்றும் மதிப்பிட்டது. இத்துணைப் பெருந்தொகையினரைச் சென்றடைய வேண்டிய செய்தி பொதுச்சொற்களையே நம்பியிருத்தலின், அச்சொற்களின் வரலாறும் தன்மையும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் கருதத்தக்க பொருளாகின்றன.

இக்கட்டுரை மூன்று வினாக்களை எடுத்துக்கொள்கிறது. நீரிழிவின் முற்குறிகளை நம் மரபு எவ்வாறு கண்டது? நோயின் பெயர்கள் எந்தக் குறியை முதன்மைப்படுத்தின? அக்குறிகள் ஒரு குறிப்பிட்ட வாழ்நிலையில் குறிகளாகச் செயற்பட இயலுமா? மூன்றாம் வினாவிற்குக் களமாகக் கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல் கொள்ளப்படுகிறது. தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் அவ்வூரில், தாகமும் சோர்வும் தொழிலின் பகுதியாகவே இருந்தன. ஒரு குறி அதன் பின்புலத்தினின்று வேறுபடும்போதுதான் குறியாகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்து.

1. முற்குறி என்னும் கருத்து

1.1. நோய்க்குறியையும் நோய்க்கு முந்தைய குறியையும் வேறுபடுத்தும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் பழமையானது. வடமொழி மருத்துவ நூல்கள் நோயறியும் வாயில்களை ஐந்தாக வகுத்தன. அவற்றுள் 'பூர்வரூபம்' என்பது நோய் முழுவுருக் கொள்வதற்கு முன் தோன்றும் அடையாளம். 'ரூபம்' என்பது வெளிப்பட்ட நோயின் அடையாளம். நீரிழிவை உள்ளடக்கிய 'பிரமேகம்' என்னும் நோய்த்தொகுதிக்குச் சரகரும் சுசுருதரும் தனித்தனியே பூர்வரூபங்களைத் தொகுத்துள்ளனர்.

அத்தொகுப்புகளில் வாயில் இனிப்புச்சுவை, தாகம், வாயும் தொண்டையும் உலர்தல், மயிர் சடையாதல், சோம்பல், கைகால்களில் எரிச்சலும் மரமரப்பும் முதலியன இடம்பெறுகின்றன. உடலையும் சிறுநீரையும் எறும்பு மொய்த்தலும் சரகர் கூறும் அடையாளங்களுள் ஒன்று. இவற்றுள் தாகம், சோர்வு, பாத எரிச்சல், மரமரப்பு என்பன இன்றைய மருத்துவரும் வினவி அறிபவையாக இருத்தல் கருதத்தக்கது. இன்றைய மருத்துவம் பாத எரிச்சலை நரம்பு பாதிக்கப்பட்டதன் விளைவாகக் கொள்ளும்; பழைய நூல்கள் அதனை முற்குறியாகக் கொண்டன. நோயின் தொடக்கம் எது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

1.2. சுசுருதர் தரும் ஒரு விவரிப்பு மொழியியல் நோக்கில் தனிக் கவனத்திற்குரியது. மதுமேகம் உற்றவர் நடப்பதினும் நிற்பதை விரும்புவார், நிற்பதினும் இருப்பதை, இருப்பதினும் கிடப்பதை, கிடப்பதினும் உறங்குவதை விரும்புவார் என்பது அதன் கருத்து. இங்குக் குறி ஒரு தனிச்சொல்லாகத் தரப்படவில்லை. ஒப்பீடுகளின் தொடராகவும், ஒருவரின் வழக்கமான நடத்தையினின்று நேரும் படிப்படியான விலகலாகவும் தரப்படுகிறது. 'சோர்வு' என்ற ஒரு சொல் சொல்லாததை இவ்வமைப்பு சொல்லிவிடுகிறது. இவ்விவரிப்புக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

1.3. தமிழ்ச் சித்த மருத்துவ மரபில் நோயின் அடையாளம் 'குறிகுணம்' எனப்படும். 'குறி' என்பது பிறர் காணத்தக்கது, 'குணம்' என்பது நோயின் இயல்பாக உணரப்படுவது எனக் கொள்ளின், இக்கூட்டுச்சொல் மருத்துவர் காண்பதையும் நோயாளி உணர்வதையும் ஒருங்கே தழுவுகிறது எனலாம். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வில் மொழியும் ஒன்றாக அமைந்திருத்தல் மொழியியலார்க்கு உவகை தரும் செய்தியாகும். அங்கு மொழி என்றது பெரும்பாலும் குரலின் தன்மையையே. எனினும் நோயாளியின் பேச்சு நோயறியும் கருவிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டமை தெளிவு. சிறுநீரைத் தேர்வதற்கு நீர்க்குறி, நெய்க்குறி என்னும் இரு முறைகள் வகுக்கப்பட்டன. முன்னது நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் நோக்குவது. பின்னது சிறுநீரில் இட்ட எண்ணெய்த்துளி பரவும் முறையை நோக்குவது. தேரையர் பெயரால் வழங்கும் நூல் இவற்றை விரித்துரைக்கிறது.

2. பெயர்கள் தேர்ந்துகொண்ட குறிகள்

2.1. ஒரு நோய்க்குப் பெயரிடுவோர் அதன் பல குறிகளுள் ஒன்றைத் தெரிந்து பெயராக்குகின்றனர். எந்தக் குறி தெரிந்துகொள்ளப்பட்டது என்பதை மொழிகளை ஒப்புநோக்கி அறியலாம். கிரேக்கத்தில் 'டயாபிட்டிசு' என்ற சொல் ஊடுசெல்லுதல் என்னும் பொருளுடைய வினையடியினின்று வந்தது. குடித்த நீர் உடலில் தங்காது குழாய்வழிப் போவதுபோல வெளியேறுதலை அது குறித்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அரிட்டேயசு இந்நோயை விரிவாக வருணித்தவர். வடமொழி 'மேக' என்பது சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் 'மிஹ்' என்னும் வேரினின்று பிறந்தது. 'மது' என்னும் அடை சேர்ந்து 'மதுமேகம்' ஆனபோது அளவோடு சுவையும் குறிக்கப்பட்டது. பிரமேகம் இருபது வகையாகப் பகுக்கப்பட்டது. கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு. மதுமேகம் அவற்றுள் வாதத்தால் வருவனவற்றைச் சார்ந்தது.

சிங்களத்தில் 'தியவெடியாவ' என்பர். 'தியா' நீர், 'வெடியாவ' மிகுதல். ஈழத்தமிழில் நீரிழிவு என்பதோடு 'சலரோகம்' என்றும் வழங்கும். அங்குச் 'சலம்' என்பது சிறுநீரையும் குறிக்கும் சொல். மலையாளத்தில் 'பிரமேகம்' என்ற தொகுதிப்பெயரே இந்நோய்க்குரிய பொதுப்பெயராகிவிட்டது. கன்னடத்தில் 'சிஹிமூத்ர ரோக' என்பது இனிப்புச் சிறுநீர் நோய் என்று பொருள்படும். மலேசியத் தமிழரிடையே வழங்கும் 'இனிப்பு நீர்' என்பதும், மலாய் மொழியில் அதே பொருளில் வழங்கும் பெயரும் ஒத்த அமைப்பின. ஆக, நீரின் அளவு, நீரின் சுவை என்னும் இரண்டுமே பழைய பெயர்களின் அடிப்படைகள். தாகத்தையோ சோர்வையோ மெலிவையோ பெயராக்கிய வழக்கு இவற்றுள் இல்லை. அவை பிற நோய்களுக்கும் பொதுவாதலின் பெயராகத் தகுதி பெறவில்லை எனலாம்.

2.2. தமிழில் 'நீரிழிவு' என்பது நீர் + இழிவு எனப் பிரியும். 'இழி' என்னும் வினை இறங்குதல், கீழ்நோக்கி ஒழுகுதல் என்னும் பொருளுடையது. நீர் ஒழுகிச் செல்லுதலே சொல்லின் நேர்ப்பொருள். பிற்காலத்தில் 'இழிவு' என்ற பெயர் தாழ்வு, மானக்கேடு என்னும் பொருளில் பெருவழக்காயிற்று. இறங்குதல் என்னும் பழம்பொருள் பொதுவழக்கில் மங்கியது. இதன் விளைவாகச் சொல்லின் உள்ளமைப்பு பேசுவோர்க்கு விளங்காததாயிற்று. 'நீரழிவு' என்ற வடிவம் பேச்சிலும் எழுத்திலும் தலைகாட்டுவதற்கு இதுவே காரணமாகலாம். விளங்காத உறுப்பொன்றை விளங்கும் உறுப்பாக மாற்றிக்கொள்ளும் மக்கட் சொற்பிறப்பியலின் இயல்பு இது.

2.3. 'மேகம்' என்ற சொல்லின் போக்கு இதனினும் சிக்கலானது. தமிழ் எழுத்தில் வடமொழி 'மேஹ'வும் முகிலைக் குறிக்கும் 'மேக'வும் ஒரே வடிவம் பெற்றன. அன்றியும், 'மேகநோய்', 'மேகவெட்டை' முதலிய வழக்குகளில் அச்சொல் பால்வினை நோய்களையும் குறிக்கலாயிற்று. சிறுநீர் தொடர்பான நோய்கள் பலவும் ஒரே பெயரின்கீழ் நின்றமையின் நேர்ந்த பொருள்விரிவு இது. ஒரு நோயின் பெயர் ஒழுக்கக்கேட்டை நினைவூட்டுமாயின், அந்நோயின் முற்குறியை வெளியே சொல்லத் தயங்குவது இயல்பு. பொதுமக்களுக்கான எழுத்துகளில் 'மேகம்' வழக்கொழிந்து 'நீரிழிவு', 'சர்க்கரை நோய்' என்பன நிலைத்தமை இவ்வகையில் நன்மையே.

2.4. 'சர்க்கரை' என்ற பெயர் அளவையும் சுவையையும் விடுத்து, பொருளையே சுட்டுவது. வடமொழி 'சர்க்கரா' என்பதற்குப் பருக்கை, கல்மணல் என்பதும் பொருள். பாகதத்தின்வழிக் கன்னடத்தில் 'சக்கரெ', தெலுங்கில் 'சக்கெர' என வழங்கும் அச்சொல்லே, பாரசீகம், அரபு முதலிய மொழிகளைக் கடந்து ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. இன்று பேச்சுத்தமிழில் 'சுகர்' என்பது நோயின் பெயராகவும் வழங்குகிறது. புறப்பட்ட சொல் உருமாறித் திரும்பியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் அருகருகே வழங்கும் கோலார் தங்கவயல் போன்ற ஊரில், நான்கு மொழியாரும் இந்நோயைக் குறிக்கையில் ஒரே வேரின் நான்கு வடிவங்களை வழங்க இயலும். பெயரளவில் அங்குத் தடையில்லை. தடை வேறிடத்தில் உள்ளது.

3. நாவிலிருந்து எண்ணுக்கு

3.1. மேனாட்டு மருத்துவத்தில் சிறுநீரின் இனிமையை 1674இல் தாமசு வில்லிசு பதிவு செய்தார். 1776இல் மத்தேயு டாப்சன் அவ்வினிமைக்குச் சர்க்கரையே காரணம் என்று காட்டியதோடு, குருதிநீரும் இனிப்பதைக் குறிப்பிட்டார். 1849இல் ஃபெலிங்கும் 1908இல் பெனடிக்டும் உருவாக்கிய வேதிக்கரைசல்கள் நாவின் பணியைக் கண்ணுக்கு மாற்றின. பெனடிக்டின் நீலக்கரைசல் சர்க்கரையின் அளவிற்கேற்பப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். அந்நிறங்கள் மருத்துவமனைப் பதிவுகளில் கூட்டற்குறிகளாக எழுதப்பட்டன. நீர்க்குறியில் ஐந்திலொன்றாக இருந்த நிறம் இப்போது அளவின் குறியீடாயிற்று.

1921இல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெசுட்டும் மேற்கொண்ட ஆய்வின் பயனாக இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதன்பின் நோயைக் காலத்தே அறிவதற்குப் புதிய பயன் உண்டாயிற்று. அறிந்தால் காக்கலாம் என்ற நிலை வந்தது. தமிழகத்தில் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியமை இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

3.2. சிறுநீரில் சர்க்கரை தோன்றுவது நோயின் தொடக்கம் அன்று என்பது இதற்குள் தெளிவாகியிருந்தது. குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் அதனை வெளிவிடுகிறது. சர்க்கரை தன்னுடன் நீரையும் ஈர்த்துச் செல்வதால் நீர் பிரிதல் மிகுகிறது. நீர் குறைவதால் தாகம் எழுகிறது. உடல் பயன்படுத்த இயலாத சர்க்கரை வீணாவதால் எடை குறைகிறது. நம் பெயர்கள் தேர்ந்துகொண்ட இரு குறிகளும் இத்தொடரின் பிற்பகுதியைச் சார்ந்தவை. நீர் இழியத் தொடங்குமுன்பே நீரிழிவு தொடங்கிவிடுகிறது.

1992இல் வெளியான ஆய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவு மருத்துவரால் கண்டறியப்படுவதற்குக் குறைந்தது 4 முதல் 7 ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்கும் என்று, விழித்திரையில் காணப்பட்ட பாதிப்பை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டது. அவ்வாண்டுகளில் பலர்க்கு எக்குறியும் தோன்றுவதில்லை. எனவே நோயின் எல்லை எண்ணால் வரையறுக்கப்பட்டது. வெறுவயிற்றுக் குருதிச் சர்க்கரைக்கு 1985இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை 140 மில்லிகிராம். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதனை 126 ஆகக் குறைத்தது; 1999இல் உலக நலவாழ்வு நிறுவனமும் அதனை ஏற்றது. வெறுவயிற்றில் 130 உடைய ஒருவர் 1996இல் அவ்வளவையால் 'நீரிழிவு' என்ற சொல்லின் எல்லைக்குப் புறத்தே இருந்தார். அடுத்த ஆண்டில் அகத்தே வந்தார். சொல்லின் வடிவம் மாறவில்லை, பேசுவோர் எவரும் மாற்றத்தை உணரவில்லை. சொல் சுட்டும் பரப்பு மட்டும் விரிந்தது.

3.3. 2005இல் சென்னையில் மருத்துவர் வி. மோகனும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர்மதிப்பீடு நான்கே செய்திகளை வினவுகிறது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோர்க்கு நீரிழிவு உண்டா என்பது. இந்நான்கில் ஒன்றேனும் நோயாளி உணரும் குறி அன்று. முற்குறி என்னும் கருத்து, உடலில் தோன்றும் அடையாளத்தினின்று வாழ்நிலையின் அடையாளத்திற்கு நகர்ந்துவிட்டதை இது காட்டுகிறது.

4. கோலார் தங்கவயல்: பின்புலம் விழுங்கிய குறிகள்

4.1. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார்ப் பகுதியில் தங்கச் சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினராய்க் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், மைசூர் எனச் சுரங்கங்களின் பெயரால் ஊர்ப்பகுதிகள் அமைந்தன; தொழிலாளர் 'லைன்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

4.2. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. குளிரூட்டிய காற்று உட்செலுத்தப்பட்ட போதிலும் வேலை வெக்கையிலும் வியர்வையிலுமே நடந்தது. இத்தகைய இடத்தில் பணிபுரிந்து மேலேறி வரும் ஒருவர் மிகுதியாக நீர் அருந்துவதும், மெலிந்திருப்பதும், வீடு சேர்ந்ததும் கிடப்பதையும் உறங்குவதையும் விரும்புவதும் எதிர்பார்க்கத்தக்கனவே. சுசுருதரின் விவரிப்பை இங்குப் பொருத்திப் பார்த்தால் அதன் வரம்பு புலனாகும். நடப்பதினும் நிற்பதையும், நிற்பதினும் இருப்பதையும், கிடப்பதினும் உறங்குவதையும் விரும்பும் உடல், லைன் வீடுகளில் நோயுற்ற உடலுக்கு மட்டும் உரியதன்று. அது ஷிப்ட் முடிந்த உடல். உழைப்பு அதிகமில்லாத ஒருவரிடம் விலகலாகத் தோன்றும் நடத்தை, இங்கு ஒழுங்காகவே அமைந்துவிடுகிறது.

சொல்லின் மதிப்பு பிற சொற்களினின்று அது வேறுபடுவதால் உண்டாவது என்பது சொசூர் வகுத்த கொள்கை. நோய்க்குறிக்கும் இது பொருந்தும். 'தாகமாக இருக்கிறது' என்ற தொடர் குளிர்ந்த அறையில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் வாயிலிருந்து வருங்கால் செய்தியாகும். சுரங்கத்தினின்று மேலேறியவர் வாயிலிருந்து வருங்கால் அது கேட்பவர்க்குப் புதிய செய்தி எதனையும் தருவதில்லை. தொடர் ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயின் குறியாகும் தகுதி முன்னதற்கு உண்டு, பின்னதற்கு இல்லை. கடும் உடலுழைப்பு நீரிழிவு வரும் இடரைக் குறைப்பது உண்மை. எனினும் அவ்வுழைப்புக்கிடையே நோய் உற்றவர் எவரோ, அவருடைய முற்குறிகளை அவ்வுழைப்பே மறைக்கவும் வல்லது.

4.3. இதற்கு மாறான போக்கைச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயின் வரலாற்றில் காணலாம். பாறைத்தூளைச் சுவாசிப்பதால் வரும் இந்நோய் கோலார் தங்கவயலில் விரிவாக ஆராயப்பட்டது. 1940களில் அது மைசூரில் ஈட்டுத்தொகைக்குரிய தொழில்நோயாகவும் ஏற்கப்பட்டது. அவ்வேற்புக்குப் பின் இருமலும் மூச்சுத்திணறலும் வெறும் தொல்லைகளாக நிற்கவில்லை. மார்பக ஊடுகதிர்ப் படம் எடுப்பதற்கும், சான்றிதழ் கோருவதற்கும், இழப்பீட்டுக்கு முறையிடுவதற்கும் அவை வாயிலாயின. ஆங்கிலப் பெயரொன்று தொழிலாளர் வழக்கில் இடம்பெறவும் இதுவே வழியாயிற்று. இருமல் குறியாயிற்று, ஏனெனில் அதனைக் குறியாகக் கேட்கும் கடமையுடைய ஓர் அமைப்பு ஏற்பட்டது. தாகத்திற்கு அத்தகைய கேட்போர் இல்லை. தொழிலால் வந்ததென நிறுவப்படாத நோயின் குறிக்குச் சட்டம் செவிகொடுப்பதில்லை.

மேலும் ஒன்று கருதத்தக்கது. நீரிழிவு உடையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. சிலிக்கோசிஸ் உடையோர்க்கும் அவ்வாய்ப்பு மிகுதி. உடல் மெலிதல் மூன்று நோய்க்கும் பொதுவான குறி. சுரங்க ஊரில் மெலிந்த ஒருவரைக் காணும் கண் முதலில் நுரையீரலையே எண்ணும். அது தவறன்று, ஆயின் அவ்வெண்ணத்தோடு தேடல் நின்றுவிடுமாயின் மற்றொரு நோய் அறியப்படாது தங்கும்.

4.4. சுரங்கம் மூடப்பட்டபின் பின்புலம் மாறியது. கடும் உடலுழைப்பு நீங்கியது. வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூர் சென்று திரும்பலாயினர். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு இரவில் வீடு சேர்பவர்க்குச் சோர்வு மீண்டும் விளக்கம் வேண்டாததாகிறது. சுரங்கம் தந்த விளக்கத்தின் இடத்தைப் பயணம் எடுத்துக்கொள்கிறது. இடர்மதிப்பீட்டின் நான்கு வினாக்களுள் வயதும் உடலுழைப்பும் இப்போது பாதகமான விடைகளையே பெறத் தொடங்கும். உழைப்பு குறைந்து இடர் மிகும் இக்காலத்திலும், குறி மட்டும் முன்போலவே மறைந்து நிற்கிறது.

5. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியன

மேற்கூறியவற்றால் பொதுமக்களுக்கான நலவாழ்வு எழுத்தை மொழிபெயர்ப்போர் கருதவேண்டிய சில கருத்துகள் பெறப்படுகின்றன.

5.1. ஆங்கில மூலங்களில் உள்ள ஒற்றைச்சொற் பட்டியலைத் தமிழில் ஒற்றைச்சொற் பட்டியலாகவே தருதல் போதாது. 'சோர்வு', 'தாகம்', 'எடைக்குறைவு' என்பன பின்புலம் நீக்கப்பட்ட சொற்கள். சுசுருதர் கையாண்ட ஒப்பீட்டு அமைப்பு இங்கு வழிகாட்டும். "முன்பு இரவில் எழாதவர் இப்போது இருமுறை மும்முறை நீர் கழிக்க எழுதல்", "விடுமுறை நாளிலும், வேலை இல்லாதபோதும் தீராத சோர்வு", "வழக்கம்போல் உண்டும் உடை தளர்ந்துபோதல்", "வெயிலில் நில்லாத நாளிலும் அடங்காத தாகம்" எனப் பின்புலத்தை உடன்வைத்து எழுதும்போது, சுரங்கத் தொழிலாளியும் பயணத் தொழிலாளியும் தம் வழக்கத்தினின்று விலகலைத் தாமே அளந்து காண இயலும். ஆறாத புண், பார்வை மங்கல், பாதத்தில் எரிச்சல் அல்லது உணர்வின்மை என்பன தொழிற்பின்புலத்தில் எளிதில் கரையாத குறிகளாதலின், இத்தகைய ஊர்களுக்கான எழுத்தில் அவற்றை முன்வைத்தல் நன்று. கழுத்தின் பின்புறத்தும் அக்குளிலும் தோல் தடித்துக் கருத்தல் அழுக்கெனக் கருதப்படுவதுண்டு. தேய்த்தும் போகாதது என்ற அடையோடு அதனைக் கூறவேண்டும்.

5.2. 'அறிகுறி இல்லை' என்ற தொடர் 'நோய் இல்லை' என்று பொருள்கொள்ளப்படும் வாய்ப்பு மிகுதி. 'அறிகுறிகள் தோன்றினால் மருத்துவரை அணுகவும்' என்ற நிபந்தனைத் தொடர், தோன்றாவிட்டால் அணுகவேண்டுவதில்லை என்ற குறிப்புப்பொருளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. எழுதியவர் கருதாத அக்குறிப்பு, எக்குறியும் இன்றி நோய் வளரும் ஆண்டுகளில் கேடு பயப்பதாகும். 'அறிகுறி தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், முப்பது வயதைக் கடந்தவர், பெற்றோர்க்குச் சர்க்கரை நோய் உள்ளவர் குருதியைச் சோதித்துக்கொள்ளவேண்டும்' என்று உம்மை கொடுத்து எழுதின் அக்குறிப்பு நீங்கும்.

5.3. 'எனக்குச் சுகர் இருக்கிறது' என்னும் கொடைவேற்றுமைத் தொடர் உண்டு, இல்லை என்னும் இருநிலையை மட்டுமே தருவது. 'சுகர் கூடியிருக்கிறது' என்பது படிநிலையைத் தருவது. நோய்க்கு முந்தைய நிலையை விளக்க இரண்டாம் அமைப்பே ஏற்றது. அந்நிலைக்கு 'முன்நீரிழிவு' என்ற சொல் எழுத்திலும் 'பார்டர்' என்ற சொல் பேச்சிலும் வழங்குகின்றன. 'பார்டர்' என்பதில் எல்லையைக் கடக்கவில்லை என்ற ஆறுதற்பொருள் மேலோங்குகிறது. 'முன்' என்பதில் இனி வருவது உறுதி என்ற அச்சப்பொருள் மேலோங்குகிறது. உணவாலும் உழைப்பாலும் பலர் அந்நிலையினின்று மீளலாம் என்ற செய்தி இரண்டிலும் இல்லை. விளக்கத் தொடரே அதனைத் தரவேண்டும்.

5.4. கலைச்சொல் ஆக்கத்தில் தூய்மை ஒன்றே அளவுகோல் ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிசுக் கிரீன், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டு 1875இல் வெளியிட்டார். வேற்றுச்சொல்லைத் தமிழ் ஒலிக்கும் உருபுக்கும் இசைய ஆக்கிக்கொள்ள அவர் தயங்கவில்லை. பாடநூலில் 'நீரிழிவு' நிற்கட்டும். நோயாளியோடு உரையாடும் இடத்தில் 'சர்க்கரை'யும் 'சுகரு'ம் நிற்கட்டும். மூன்றும் ஒரே நோயைக் குறிப்பன என்பதை எழுத்து ஓரிடத்திலேனும் வெளிப்படக் கூறிவிடுதல் வேண்டும்.

6. முடிவுரை

நீரிழிவின் பெயர்கள் நீரின் அளவையும் சுவையையும் பற்றிக்கொண்டு எழுந்தன. அவ்விரண்டும் நோய் வெளிப்பட்ட பின் தோன்றும் குறிகள் என்பதைப் பிற்கால அறிவியல் காட்டியது. நோயின் எல்லை எண்ணால் வரையறுக்கப்பட்டபோது, நோயாளியின் சொல்லுக்கும் நோயின் தொடக்கத்திற்கும் இடையே ஆண்டுக்கணக்கான இடைவெளி தெரியவந்தது. கோலார் தங்கவயலின் வரலாறு இவ்விடைவெளியை மேலும் அகலமாக்கும் ஒரு காரணத்தைத் தெளிவாக்குகிறது. கடுமையான வாழ்நிலையில் தாகமும் சோர்வும் மெலிவும் குறிகளாகும் தகுதியை இழக்கின்றன. இருமலுக்குச் சட்டம் செவிகொடுத்தது போலத் தாகத்திற்கும் செவிகொடுப்பார் வேண்டும். அச்செவி எளிய குருதிச் சோதனையாகவும், அச்சோதனைக்கு மக்களை அழைக்கும் தெளிவான தமிழாகவும் அமைதல் கூடும்.

அவ்வழைப்பை எழுதுவோர், தம் வாசகர் எந்த வெப்பத்தில் வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு வண்டியேறுகிறார், எப்போது உறங்குகிறார் என்பவற்றை அறிந்த பின்னரே 'சோர்வு' என்ற சொல்லை எழுதவேண்டும். வெப்ப ஆலைகளிலும், தோட்டங்களிலும், வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் தமிழர்க்காக எழுதப்படும் நலவாழ்வுக் குறிப்புகளுக்கும் இது பொருந்தும்.